கியாந்தி கிளாசிகோவை ருசித்துப் பழகுவது எப்படி?

இத்தாலியக் கலவைச் சிவப்பு ஒயின்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் கியாந்தி கிளாசிகோவைத்தான் சொல்வேன். இத்தாலியின் டஸ்கனி பகுதியில், ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள குன்றுகளில் விளைவது. அமரோனே, சூப்பர் டஸ்கன் போன்ற மற்ற இத்தாலியச் சிவப்பு ஒயின்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேஸே திராட்சை இருந்தாக வேண்டும். மீதியில் கனாயோலோ, கொலோரினோ போன்ற உள்ளூர் ரகங்களையோ மெர்லோ போன்ற பிரெஞ்சு ரகங்களையோ சேர்க்கலாம். மணமும் வீரியமும் சாஞ்சோவேஸே தருவது, அதன் முரட்டுத்தனத்தைத் தணிப்பது கனாயோலோ என்று 1872-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார் பெட்டினோ ரிகாசோலி. இத்தாலியின் பிரதமராக இருந்தவர், திராட்சைத் தோட்டக்காரரும்கூட. கொலோரினோவின் வேலை நிறம் கூட்டுவது. குடிக்கும்போது நாம் தேடப்போவது இந்தக் கூட்டணியைத்தான்.

1. பாட்டில்

கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘கியாந்தி’ என்றால் அது வேறு, இன்னும் பரந்த பகுதியின் ஒயின். சாஞ்சோவேஸே மட்டுமே வைத்துச் செய்பவர்களும் உண்டு, அதனால் பின்பக்க லேபிளைப் படித்து, கலவையாகவே வாங்குங்கள். 24 மாதம் பக்குவப்படுத்திய ‘ரிசெர்வா’ இப்போதைக்கு வேண்டாம், சாதாரணமானதே போதும்.

2. குளிர்ச்சி

16 முதல் 18 டிகிரிதான் சரி. வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி அடிக்கிறது என்றால் அந்த அளவுக்குக் குளிரும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான ஒயினில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் காற்றுப் படாது, பாட்டிலின் கழுத்து குறுகல். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள்.

3. நிறம்

வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். சாஞ்சோவேஸே அவ்வளவு அடர்த்தி இல்லாத மாணிக்கச் சிவப்பு. வயதானால் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். அடியே தெரியாத கருஞ்சிவப்பு என்றால் மற்ற ரகங்களின் கை ஓங்கியிருக்கலாம். கிளாஸின் உட்புறம் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

4. மணம்

சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். புளிப்புச் செர்ரி, உலர்ந்த மூலிகை, சில சமயம் தக்காளி இலையைக் கசக்கிய வாசனை. வெனிலாவோ கிராம்போ வந்தால் அது ஓக் பீப்பாயின் உபயம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கால் கெட்ட ஒயின்; கடையில் மாற்றிக் கேளுங்கள்.

5. வாய்

ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல் சில நொடி வாய் முழுக்கப் புரட்டுங்கள். கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறினால் அது புளிப்பு. பிறகு, நாவற்பழம் தின்றதுபோல ஈறும் நாக்கும் வறண்டு பிடிக்கும், அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். இந்த இரண்டுமே சாஞ்சோவேஸேவின் முத்திரை. நடுவில் கொஞ்சம் வழவழப்பும் சதைப்பற்றும் தெரிந்தால் மெர்லோவைச் சந்தேகிக்கலாம்.

6. சாப்பாடு

பலர் இந்தப் படியை விட்டுவிட்டு “ரொம்பப் புளிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை” என்று முடிவுகட்டுகிறார்கள். இது சாப்பாட்டு மேசைக்கென்றே வளர்ந்த ஒயின். ஒரு வாய் தக்காளி சாஸ் பாஸ்தா, அதன் மேல் ஒரு மிடறு: முதலில் உறுத்திய புளிப்பு அடங்கி, செர்ரி மேலே வரும். அடுத்து, உப்பேறிய பெக்கொரினோ சீஸோ நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சியோ. கொழுப்பும் உப்பும் புரதமும் சேர்ந்து டானினின் பிடியைத் தளர்த்திவிடும். காரத்தை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், டானினும் இன்னும் கடுமையாகத் தெரியும்.

மீந்ததை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் எடுத்ததும் குடிக்காமல், குளிர் கொஞ்சம் விட்ட பிறகு நான்காம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.