பழைய கேம்பர் வேனில் ஆயில் கசிவு: புது சீல் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம்முடைய 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும், "அண்ணா, ஃப்ளைவீல் சீல் போய்விட்டது. புது சீல் வாங்கிவிட்டேன். எஞ்சினை இறக்க மட்டும் ஒரு கை கொடுங்கள்" என்றார். சீல்தான் போயிற்று என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறதே என்றார். ஃப்ளைவீல் என்பது எஞ்சின் தண்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் சுழலும் கனமான சக்கரம்; அங்கே ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமே சீல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே சொற்களை இன்னொருவரிடம் சொன்னவன் நான். அன்று என் கையிலும் ஒரு புது சீல் இருந்தது.

இங்கிலாந்தில் வசிக்கும் நான் வைத்திருப்பது 1974ஆம் ஆண்டு வேன். பின்புறம் காற்றால் குளிரும் 1600 சி.சி. எஞ்சின். இந்த எஞ்சினை நினைத்தே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன். பிரேசிலில் 2005 வரை இந்த வேன் காற்றால் குளிரும் எஞ்சினோடு தயாரானதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை, விலையும் அதிகமில்லை. அதுவே ஒரு விதத்தில் தொல்லையாகவும் இருக்கிறது. யோசிப்பதற்கு முன்பே பாகத்தை வாங்கிவிடுகிறோம். மேலும், நாற்பது வயதைக் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே, நாமே படுத்துப் பார்த்தால் ஒழிய, வண்டியின் அடிவயிற்றை வேறு எவரும் பார்ப்பதில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, பேட்டரியைக் கழற்ற வேண்டும், பெட்ரோல் குழாயை அடைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை தெரியாதவர் எஞ்சினில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

சொட்டும் இடத்தை ஒழுகும் இடமாகக் கொள்வது

ஆயில் கீழ்நோக்கி ஓடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்த எஞ்சினில் குளிரூட்டும் விசிறி அடிக்கும் காற்றும் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆயில் கூலர் இடது பக்கத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு மேலே, விசிறிக் கூட்டுக்குள் மறைந்து நிற்கிறது. அதன் அடியில் உள்ள இரண்டு சிறு ரப்பர் சீல்களில் ஒன்று கசிந்தால்கூட ஆயில் சிலிண்டர் வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தருகில் வந்து சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது ஃப்ளைவீல் சீலின் கசிவு போலவே தோன்றும்.

முதலில் எஞ்சின் முழுவதையும் கிரீஸ் கரைப்பான் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு சந்தேகம் உள்ள இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, பத்து மைல் ஓட்டிவிட்டு, கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பார்க்க வேண்டும். பவுடர் நனைந்திருக்கும் மிக உயரமான இடமே நாம் தேடும் இடம். சொட்டும் ஆயிலை விரலில் தொட்டு முகர்வதும் அவசியம். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். குற்றவாளி கியர்பாக்ஸின் உள்தண்டு சீலே தவிர எஞ்சின் அல்ல.

அளக்காமல் ஃப்ளைவீல் சீலை மாற்றுவது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஃப்ளைவீலுக்கும் எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிரேங்க் தண்டைத் தாங்கும் முதல் மெயின் பேரிங்குக்கும் நடுவே மூன்று மெல்லிய எஃகு வளையங்கள் உண்டு. ஷிம் எனப்படும் இவை 0.24 மி.மீ. முதல் 0.36 மி.மீ. வரை பல தடிமன்களில் கிடைக்கின்றன. கிரேங்க் தண்டு முன்னும் பின்னும் எவ்வளவு நகரலாம் என்பதைத் தீர்மானிப்பவை இவையே. அந்த நகர்வு 0.07 மி.மீ.க்கும் 0.13 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும், 0.15 மி.மீ.யைத் தாண்டினால் தேய்மானம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். சீலின் உதடு சுழலும் பரப்பைப் பிடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே தவிர, ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் முன்னும் பின்னும் இழுபடும் பரப்பைப் பிடிப்பதற்காக அல்ல.

இவை எதுவும் தெரியாமல்தான் நான் முதல் முறை எஞ்சினை இறக்கினேன். ஃப்ளைவீலைக் கழற்றியபோது ஷிம்கள் பழைய ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டில் போட்டுக் கழுவினேன். தட்டிலிருந்து எடுத்தபோது இரண்டு ஷிம்கள் இருந்தன. எத்தனை இருக்க வேண்டும் என்பது தெரியாததால், இரண்டு என்பதே சரியான கணக்கு என்று எடுத்துக்கொண்டு, துடைத்துப் பூட்டிவிட்டேன். புது சீல் பளபளவென்று அழகாக உட்கார்ந்தது. மனைவியை அழைத்துக் காட்டியதுகூட நினைவிருக்கிறது.

முந்நூறு மைல் ஓடியதும் மறுபடி சொட்டத் தொடங்கியது. மலிவான சீலை வாங்கியதன் பலன் என்று முடிவு செய்து, விலை உயர்ந்த வேறொரு சீலை வாங்கி, இரண்டாம் முறையும் எஞ்சினை இறக்கினேன். அப்போதும் நான் எதையும் அளக்கவில்லை. அதே இரண்டு ஷிம்களைத் துடைத்துப் போட்டேன். அது முன்பைவிட விரைவாகவே ஒழுகியது. ஆயிலை ஊற்றி ஊற்றி ஒரு கோடைக்காலம் முழுவதும் அப்படியே ஓட்டினேன்.

முகாம் ஒன்றில் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த ஒரு முதிய மெக்கானிக் என் புலம்பலைக் கேட்டார். எஞ்சின் அணைந்திருக்கும்போதே என் மகனைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து, தண்டின் மறுமுனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிரேங்க் புல்லியைப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். மகன் மிதிக்க மிதிக்க, புல்லி என் கண்ணெதிரே வெளியே வந்து உள்ளே போயிற்று. இரு கையாலும் பிடித்துத் தள்ளினால் 'டொக்' என்று சத்தமும் கேட்டது. சரியாக இருக்கும் எஞ்சினில் அந்த நகர்வு ஒரு தாளின் தடிமன் அளவுதான்; கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கருவியும் வேண்டாத, ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை, இரண்டு முறை எஞ்சினை இறக்கிய நான் ஒரு முறைகூடச் செய்யவில்லை.

கணக்கு எளிது. 0.34 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு ஷிம் விட்டுப்போனால், 0.10 இருக்க வேண்டிய நகர்வு 0.44 ஆகிவிடும். அந்த நிலையில் ஒரு கோடை முழுவதும் ஓட்டியதால், கிரேங்க் தண்டு முதல் பேரிங்கைச் சம்மட்டி போல அடித்து, பேரிங் அமரும் மக்னீசியக் கலவைக் கூட்டையும் தேய்த்துவிட்டது. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து, கூட்டை எந்திரத்தில் கடைந்து, அளவு கூடிய பேரிங்குகளைப் போட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுப் பயணத்துக்கென்று சேர்த்திருந்த பணம் முழுவதும் அதில் போயிற்று. பனிக்காலத்தில் மண்ணெண்ணெய்த் தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, அடியில் காய்ந்திருந்த கரும்பிசினுக்குள் மூன்றாவது ஷிம் அகப்பட்டது. அதை ஓர் ஆணியில் கோத்து, வேலை செய்யும் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன்.

சரியான முறை இது. சீலையும் ஃப்ளைவீலின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையத்தையும் போடாமல், இரண்டு ஷிம்களை மட்டும் வைத்து ஃப்ளைவீலைப் பூட்டி, நடுநட்டை முழு இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜைப் பொருத்தி, தண்டை இரு பக்கமும் தள்ளி நகர்வை அளக்க வேண்டும். அளவு 0.44 மி.மீ. என்று வந்தால், அதிலிருந்து 0.10 கழித்து, 0.34 மி.மீ. ஷிம்மை மூன்றாவதாகப் போட வேண்டும். மீண்டும் அளந்து உறுதி செய்த பிறகே ஃப்ளைவீலைக் கழற்றி, சீலையும் புது ஓ-ரிங்கையும் போட வேண்டும். அந்த நடுநட்டுக்கு 36 மி.மீ. சாக்கெட்டும் ஏறத்தாழ 343 நியூட்டன் மீட்டர் முறுக்கமும் தேவை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் தொங்கும் விசை என்று வைத்துக்கொள்ளலாம். உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து இறுக்குபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஃப்ளைவீல் வெளியே வந்த நேரத்தில் ஈரம் எங்கே இருக்கிறது என்றும் படித்துக்கொள்ள வேண்டும். கூட்டின் உட்சுவரில் வட்டமாக ஆயில் விசிறியிருந்தால் சீல். ஃப்ளைவீலின் நடுவில் மட்டும் ஈரமிருந்தால் ஓ-ரிங். சீல் காய்ந்திருக்க, அதற்குக் கீழே எஞ்சின் சுவர் மட்டும் நனைந்திருந்தால், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் முனையை அடைத்திருக்கும் மூடி. சீலின் உதடு உட்காரும் பரப்பில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எந்தச் சீலைப் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே ஆயில் வந்துகொண்டுதான் இருக்கும்.

புல்லிப் பக்கத்தில் சீலைத் தேடுவது

அங்கே சீல் கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டப்பட்ட மறைபோன்ற வரிகள், சுழலும்போது ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். அதற்குப் பின்னால் ஆயிலை வீசியெறியும் ஒரு தகடு உண்டு. அவ்வளவுதான். ஆகவே அங்கே ஒழுகினால் இரண்டில் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, வெறும் இரண்டரை லிட்டர் கொள்ளும் எஞ்சினில் தாராளமாக மூன்றரை லிட்டர் ஊற்றியிருப்பது. மற்றொன்று, எஞ்சினின் உள்ளே அழுத்தம் கூடியிருப்பது. மூச்சுக்குழாய் அடைத்திருக்கலாம், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கலாம். அழுத்தம் கூடிவிட்டால் பலவீனமான இடங்களிலெல்லாம் ஆயில் வெளியே வரும். அப்போது சீல் சீலாக மாற்றுவதில் பயனில்லை. முதலில் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும்.

சிலிக்கானை அப்புவது

வெளியே பிதுங்கி நிற்கும் சிலிக்கானை நாம் பார்க்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருப்பதைப் பார்ப்பதில்லை. இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடை மட்டுமே உண்டு. வாங்கியவுடன் ஒருவர் கொண்டுவந்த வேனில் அந்தச் சல்லடையைக் கழற்றினேன். சிவப்பு நிறச் சிலிக்கான் துண்டுகள் மண்புழுக்களைப் போல வலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. பம்பு ஆயிலை உறிஞ்சும் பரப்பில் பாதி மூடியிருந்தது. சல்லடைத் தட்டுக்கு மேலும் கீழும் காகித பேக்கிங் ஒவ்வொன்று போதும். வால்வு அமைப்பை மூடும் டேப்பட் கவருக்குக் கார்க் பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் ஒட்டி, சிலிண்டர் ஹெட்டின் பக்கம் லேசாகக் கிரீஸ் தடவினால், அடுத்த முறை டேப்பட் சரிசெய்யும்போதும் கிழியாமல் வரும்.

இறுக்கினால் நிற்கும் என்று எண்ணுவது

சல்லடைத் தட்டின் ஆறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் இறுக்கினால் தட்டு வளையும், ஸ்டட் கையோடு வரும்.

கசிவை நிறுத்தும் மருந்து

வாங்காதீர்கள்.

கெட்டியான ஆயில்

கசிவை ஒளித்து, எஞ்சினைச் சூடாக்கும்.

புஷ்ராட் குழாய்களைத் தள்ளிப்போடுவது

இதைச் சிறிய கசிவு என்று விடுபவர்கள், வேனில் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சைலன்சருக்குப் போகும் சூடான குழாய்களைச் சுற்றி வரும் காற்றே நாம் உட்காரும் இடத்துக்கு வருகிறது. வால்வுகளை இயக்கும் கம்பிகள் செல்லும் புஷ்ராட் குழாய்களின் சீல்கள் அதற்கு நேர் மேலே இருக்கின்றன. அங்கிருந்து சொட்டும் ஆயில் சூட்டில் புகையாகும். அந்த நெடி, பிள்ளைகள் தூங்கும் இடம் வரை வரும். ஹெட்டைக் கழற்றி, குழாய்களை 190 முதல் 191 மி.மீ. நீளத்துக்குச் சீராக இழுத்து, ஒட்டு மேல்பக்கம் இருக்கும்படி புது சீல்களோடு போடுவதே நிலையான வழி. இழுக்காமல் போட்ட குழாய் சீலை அழுத்தாது.

மேலே பார்க்காமல் கீழே படுப்பது

இளைஞரின் வேனுக்கு வருகிறேன். முதலில் அவரையே கிளட்சை மிதிக்கச் சொல்லிப் புல்லியைப் பார்த்தேன், அசையவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தேன், எஞ்சின் ஆயில்தான். அவர் வீட்டு வாசல் முன்பக்கம் சரிவானது என்பதைப் பேச்சில் சொன்னார்; அப்படியென்றால் இரவெல்லாம் நிற்கும்போது எங்கே கசிந்தாலும் ஆயில் கியர்பாக்ஸ் பக்கம்தான் ஓடி வரும். பின்கதவைத் திறந்து மேலிருந்து விளக்கடித்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றியபோது, அதன் ரப்பர் உறைக்குள்ளிருந்து கருப்பாக ஆயில் வழிந்து என் மணிக்கட்டில் ஓடியது. சுவிட்சின் பிளாஸ்டிக் பகுதி வழியாகவே ஆயில் வந்துகொண்டிருந்தது.

புது சுவிட்சைப் போட இருபது நிமிடம் ஆயிற்று. அதன் மறை கூம்பானது. மென்மையான கூட்டில் அதிகம் திருகினால் கூடே வெடிக்கும் என்று சொல்லி, கடைசிச் சுற்றை மட்டும் நானே இறுக்கினேன். அவர் வாங்கி வந்த ஃப்ளைவீல் சீலை என்ன செய்வது என்று கேட்டார். பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கழற்றிப் பார்க்கும் ஆவலில் உறையை ஏற்கெனவே கிழித்துவிட்டிருந்தார்.