வைரஸ் நிமோனியாவில் இரத்த உறைவு அபாயம்: மார்பு சி.டி. ஸ்கேனைப் படிப்படியாகப் பார்ப்பது எப்படி?

கோவிட் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்ட நோயாளியின் மார்பு சி.டி. அறிக்கை கைக்கு வந்ததும், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் முதலில் தேடுவது 25-க்கு எத்தனை என்ற மதிப்பெண்ணைத்தான். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அந்த எண் தமிழ்நாட்டு வீடுகளின் பேச்சிலேயே இடம்பிடித்திருந்தது. ஆனால், நுரையீரலில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நுரையீரல் தமனியை உறைந்த இரத்தம் அடைத்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள், இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான வழிமுறையைப் பயிற்சி மருத்துவர்களுக்காகவும் ரேடியோகிராபி மாணவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் குடும்பத்தார் இதைப் படித்தால், அறிக்கையைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிவைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

இந்த நோயில் இரத்தம் ஏன் உறைகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இரத்தக்குழாயின் உட்சுவர் சேதமடைவது, இரத்த ஓட்டம் மந்தமாவது, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்று காரணங்களை ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் இன்றும் கற்பிக்கிறோம். கடுமையான வைரஸ் நிமோனியாவில் மூன்றும் ஒன்றாக நேர்கின்றன. 2020-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் (இரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்தைச் செலுத்தி எடுப்பது) எடுக்கப்பட்ட 106 கோவிட் நோயாளிகளில் 32 பேருக்கும், பெசான்சோன் நகரில் 100 பேரில் 23 பேருக்கும் நுரையீரல் தமனியில் உறைவு காணப்பட்டது. இவர்கள் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் தேவைப்பட்ட நோயாளிகள் என்பதால் இந்த விகிதத்தைக் கோவிட் வந்த எல்லாருக்கும் பொருத்தக் கூடாது. பெசான்சோனில் அறிகுறி தொடங்கியதிலிருந்து உறைவு கண்டறியப்படும் வரை சராசரியாக 12 நாள்கள் ஆகியிருந்தன. ஆகவே, முதல் வாரத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து இரண்டாம் வாரத்து நோயாளியைப் பற்றி முடிவெடுப்பது ஆபத்தானது.

படி 1: எந்த வகை ஸ்கேன் என்று பாருங்கள்

அறிக்கையின் தலைப்பில் எச்.ஆர்.சி.டி. (நுரையீரல் திசுவை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் ஸ்கேன்) என்றோ கான்ட்ராஸ்ட் இல்லாத சாதாரண ஸ்கேன் என்றோ இருந்தால், அதில் உறைவைத் தேடிப் பயனில்லை. ஓடும் இரத்தமும் உறைந்த இரத்தமும் அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்தி, அது நுரையீரல் தமனிகளை நிறைக்கும் கணத்தில் எடுக்கும் சி.டி. பல்மனரி ஆஞ்சியோகிராமில் இரத்தம் வெள்ளையாகவும் உறைவு அதற்குள் கருமையாகவும் தெரியும். சாதாரண ஸ்கேன் அறிக்கையில் உறைவைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதற்காக உறைவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 2: பாதிப்பின் பரப்பைக் கணக்கிடுங்கள்

வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என நுரையீரலின் ஐந்து மடல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பாதிப்பே இல்லாத மடலுக்கு 0. 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் 1. 25 சதவீதம் வரை 2. 50-க்குக் குறைவாக இருந்தால் 3. 75 வரை 4. அதற்கும் மேல் 5. எடுத்துக்காட்டாக, 58 வயது நோயாளி ஒருவருக்கு வலது மேல் மடல் 2, நடு மடல் 1, வலது கீழ் மடல் 4, இடது மேல் மடல் 2, இடது கீழ் மடல் 4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13; பலரும் பின்பற்றும் பகுப்பில் இது மிதமான பாதிப்பு. பரப்பு கூடக்கூட நோயாளி படுக்கையிலேயே கிடப்பார், அழற்சியும் கூடும் என்பதால் உறைவின் அபாயமும் பொதுவாகக் கூடும். ஆனாலும் 13 பெற்றவருக்கு உறைவு இருக்கலாம், 20 பெற்றவருக்கு இல்லாமலும் போகலாம்.

படி 3: ஸ்கேனும் நோயாளியும் ஒத்துப்போகிறார்களா?

என் கணிப்பில், தொடக்கநிலையில் இருப்பவர்கள் மற்ற எதையும்விட முதலில் பழக வேண்டியது இந்தப் படிதான். மேலே சொன்ன நோயாளிக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. பத்தாம் நாள் காலையில் திடீரென 10 லிட்டர் தேவைப்படுகிறது, நாடித்துடிப்பு 118-க்கு ஏறிவிட்டது, மறுபடி எடுத்த ஸ்கேனிலோ மதிப்பெண் 13-லிருந்து 14 ஆகத்தான் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் திசுவின் பாதிப்பு இவ்வளவு பெரிய சரிவை விளக்கவில்லை. அந்த இடைவெளியே உறைவைச் சந்தேகிக்க வலுவான காரணம்.

சாதாரண ஸ்கேனிலும் சில மறைமுகக் குறிப்புகள் கிடைக்கும். நுரையீரலின் வெளியுறையை ஒட்டி ஆப்பு வடிவில் தெரியும் அடர்த்தி, இரத்தம் கிடைக்காமல் மடிந்த திசுவாக இருக்கலாம். நுரையீரல் பெருந்தமனி அதன் அருகில் உள்ள ஏறு மகாதமனியைவிட அகலமாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலுக்குள் இரத்தக்குழாய்கள் தடித்துத் தெரிவது கோவிட் நிமோனியாவில் அடிக்கடி காணப்படுவது என்பதால், அதை மட்டும் வைத்து உறைவு என்று சொல்ல முடியாது.

படி 4: படுக்கையருகே மதிப்பிடுங்கள்

நுரையீரல் உறைவுக்கான வாய்ப்பை மதிப்பெண்ணால் கணிக்கும் வெல்ஸ் மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள். கால் நரம்பில் உறைவின் அறிகுறி இருந்தால் 3. நாடித்துடிப்பு 100-க்கு மேல் இருந்தால் 1.5, மூன்று நாளோ அதற்கு மேலோ படுக்கையில் இருந்தாலும், கடந்த நான்கு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் 1.5, முன்பு உறைவு வந்திருந்தால் 1.5, இருமலில் இரத்தம் வந்தால் 1, புற்றுநோய் இருந்தால் 1. இவற்றோடு, நுரையீரல் உறைவைவிடப் பொருத்தமான வேறு காரணம் இல்லை என்று மருத்துவர் கருதினால் 3. மொத்தம் 4-ஐத் தாண்டினால் உறைவு இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தக் கடைசி 3 மதிப்பெண்ணில்தான் நிமோனியா நம்மைத் தடுமாற வைக்கிறது. மூச்சுத்திணறலுக்கு நிமோனியா என்ற விளக்கம் எப்போதும் கையருகே இருப்பதால் பலர் அந்த 3-ஐத் தராமலே விட்டுவிடுகிறார்கள். நம் நோயாளிக்கு நாடித்துடிப்புக்கும் படுக்கைக்கும் சேர்த்து 3 மட்டுமே வரும்; முந்தைய படியில் கண்ட பொருத்தமின்மையைக் கணக்கில் எடுத்தால் 6 ஆகிவிடும், பரிசோதனையின் திசையே மாறிவிடும்.

டி-டைமர் என்பது உறைவு சிதையும்போது இரத்தத்தில் கூடும் பொருள்; அதன் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். எஃப்.இ.யு. (ஃபைப்ரினோஜன் சமான) அலகில் மில்லிக்கு 500 நானோகிராம் என்பது வழக்கமான எல்லை. 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம், ஆகவே 58 வயதுக்கு 580. டி.டி.யு. (டி-டைமர்) அலகில் அதே இரத்தத்துக்கு எண் ஏறக்குறைய பாதியாக வரும். இதைக் கவனிக்காமல் இரு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட்டால் டி-டைமர் குறைந்துவிட்டதாகத் தவறாகத் தோன்றும். உறைவே இல்லாத கோவிட் நோயாளிகளுக்கும் இந்த எண் கூடுதலாகவே இருப்பது வழக்கம் என்பதால், உயர்ந்த ஒற்றை எண்ணைவிட, நாளுக்கு நாள் அது வேகமாக ஏறுவதே என்னைக் கவலைப்பட வைக்கும். வெல்ஸ் மதிப்பெண் 4-ஐத் தாண்டியவருக்கு டி-டைமருக்காகக் காத்திருக்காமல் நேராகக் கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு அனுப்பலாம்.

படி 5: ஸ்கேனுக்குத் தயார்செய்யுங்கள்

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை, கர்ப்பம் ஆகிய மூன்றையும் விசாரித்த பின்பே அனுப்புங்கள். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவுள்ள கேனுலா (மருந்து செலுத்தும் ஊசிக்குழாய்) வேண்டும். கான்ட்ராஸ்ட் நொடிக்கு 4 மில்லி அளவில் பாய்வதால் புறங்கையில் உள்ள மெல்லிய கேனுலா தாங்காது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஆழ்ந்து இழுக்கும்போது கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து கான்ட்ராஸ்ட் கலக்காத இரத்தம் இதயத்துக்குள் வந்து, தமனி பாதியில் மங்கித் தெரியும். இயல்பாக மூச்சுவிடும்போது சில நொடிகள் நிறுத்தினாலே போதும். மேசையில் படுக்கவைத்த பிறகு இருமுறை ஒத்திகை பாருங்கள். திணறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இந்த ஒத்திகையே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும்.

படி 6: தமனிகளைப் பின்தொடருங்கள்

படத்தின் வெளிச்சத்தையும் வெண்மை-கருமை வேறுபாட்டையும் அமைக்கும் விண்டோவின் அகலத்தை 700, மட்டத்தை 100 என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்பின் நடுப்பகுதியைப் பார்க்கும் மீடியாஸ்டினல் விண்டோவின் அதீத வெண்மை சிறிய உறைவை மறைத்துவிடும். நுரையீரல் பெருந்தமனியில் தொடங்கி வலது, இடது கிளைகள், மடல் கிளைகள், அவற்றின் பிரிவுகள் என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை பின்தொடருங்கள். மூச்சுக்குழலுக்குப் பக்கத்திலேயே செல்வது தமனி. அதைவிட்டு விலகி இதயத்தின் இடது மேலறையை நோக்கிச் செல்வது சிரை. வெள்ளைக்கு நடுவே கருமையான நிரம்பாப் பகுதி அடுத்தடுத்த படங்களிலும் தொடர்ந்து தெரிந்தால்தான் அதை உறைவு என்று நம்ப வேண்டும். ஒரே படத்தில் தெரிந்து மறைவது பெரும்பாலும் மூச்சசைவின் விளைவு. தமனிக்கு அருகில் உள்ள நிணநீர்க் கணுவையும் சளி அடைத்த மூச்சுக்குழலையும் உறைவாக எண்ணிவிடும் பிழை அடிக்கடி நேர்வது. கோவிட்டில் உறைவு பெருந்தமனியைவிடப் பிரிவுக் கிளைகளில் அதிகம் காணப்படுவதால், மங்கல் அடர்ந்த பகுதிகளுக்குள் செல்லும் சிறு கிளைகளை விட்டுவிடாதீர்கள்.

பிறகு இதயத்துக்கு வாருங்கள். வலது கீழறை இடது கீழறையைவிட அகலமாக இருந்தால் இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது என்று பொருள். அதை அறிக்கையில் எழுதுவதோடு நிற்காமல் வார்டுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.

படி 7: முடிவைப் பயன்படுத்துங்கள்

உறைவு தெரிந்தால் முழு அளவு உறைவெதிர்ப்பு சிகிச்சை தேவைப்படும். இரத்தக்கசிவு அபாயத்தை எடைபோட்டு மருத்துவர் முடிவெடுப்பார். உறைவு தெரியாதவருக்கு உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினை முன்னெச்சரிக்கையாக எவ்வளவு தருவது என்பதை 25-க்கான மதிப்பெண்ணை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. 2021-இல் வெளியான பன்னாட்டுப் பரிசோதனைகளில், தீவிர சிகிச்சை தேவைப்படாத கோவிட் நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் பயன் தந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்குப் பயன் தரவில்லை.

ஸ்கேனுக்குக் கொண்டுசெல்ல முடியாத நிலையில் உள்ளவருக்குக் கால் நரம்புகளின் அல்ட்ராசவுண்டும் படுக்கையருகே எடுக்கும் எக்கோவும் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) உதவும். உறைவு தெரியாத ஆஞ்சியோகிராமும் நுண்குழாய்களைப் பற்றி எதையும் சொல்லாது. 2020-இல் இறந்தவர்களின் நுரையீரல்களை ஆராய்ந்தவர்கள், காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய் உறைவுகள் இன்ஃபுளுவென்சாவைவிடக் கோவிட்டில் 9 மடங்கு இருந்ததாகக் கண்டார்கள், சி.டி. படத்தில் அவை எட்டாத அளவுக்குச் சிறியவை. ஆகவே, புதிதாக மூச்சுத்திணறல் கூடினால் படி 3-லிருந்து மறுபடி தொடங்குங்கள். உறைவு கண்டறியப்பட்டவர் மூன்று மாத சிகிச்சைக்குப் பிறகும் படியேற மூச்சு வாங்குவதாகச் சொன்னால், கரையாமல் தங்கிவிட்ட உறைவைத் தேட எக்கோவும் நுரையீரலின் காற்றோட்டத்தையும் இரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் அணுக்கதிர் ஸ்கேனும் எடுக்க வேண்டும்.