டிரம்ப்பை 2016-ல் எதிர்த்தவர்கள்: அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, டிரம்ப்பை மேல்தட்டு எதிர்த்தது, மக்கள் ஆதரித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் பிரைமரி சுற்றுகளில் டிரம்ப்புக்கு மொத்தத்தில் கிடைத்தது சுமார் 45 சதவீதம்தான். மீதிப் பேர், அதாவது பாதிக்கும் மேல், வேறு யாருக்கோ போட்டார்கள். அவர்களும் சாதாரண மக்கள்தானே?

சரி, அப்படியானால் 55 சதவீதம் பேர் அவரை எதிர்த்தார்கள் என்று எழுதலாமா என்றால், அது அடுத்த தவறு. வேறொருவரைப் பிடித்திருந்தது என்பதும் இவரை வரவே விடக்கூடாது என்பதும் ஒன்றல்ல. ஏப்ரல் கடைசியில் டிரம்ப்போடு போட்டியிட்ட டெட் க்ரூஸும் ஜான் கேசிக்கும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: இந்தியானாவில் கேசிக் ஒதுங்கிக்கொள்வார், ஓரிகனிலும் நியூ மெக்சிகோவிலும் க்ரூஸ் ஒதுங்கிக்கொள்வார். காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். மே 3 அன்று இந்தியானாவில் டிரம்ப் 53 சதவீதம் வாங்கினார், அன்றிரவே க்ரூஸ் விலகினார், மறுநாள் கேசிக். ஒருவருக்கு விழும் ஓட்டு அவர் கைகாட்டும் இடத்துக்கு அப்படியே போய்விடாது என்பது கூட்டணிகளைப் பார்த்துப் பழகிய நமக்குப் புதிதில்லை.

ஓட்டு பிரிந்ததும் உண்மைதான். தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வாங்கியே வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்கு அங்கிருந்து போகும் 50 பிரதிநிதிகளையும் டிரம்ப் அள்ளிக்கொண்டு போனார். ஆனால் பிரித்தது வாக்காளர்கள் இல்லை, தலைவர்கள். டிரம்ப் தானாகவே சரிந்துவிடுவார், கடைசியில் அவரோடு ஒற்றைக்கு ஒற்றை நிற்பது நானாக இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால், ஒருவரை ஒருவர்தான் அடித்துக்கொண்டார்கள். போட்டியில் இருந்த ஜெப் புஷ்ஷுக்காக 10 கோடி டாலருக்கு மேல் திரட்டிய அமைப்பு டிரம்ப்பை விட்டுவிட்டு இன்னொரு போட்டியாளரான மார்கோ ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்குக் கோடிக்கணக்கில் கொட்டியது.

எல்லாரும் அதிகம் செய்யும் தவறு, மேலிடத்தின் காரணத்தையே வாக்காளரின் காரணமாகவும் எடுத்துக்கொள்வது. மேலிடத்தின் கவலைகள் வேறு: சுதந்திர வர்த்தகம், நேட்டோ, இராக் போரை அவர் மேடையிலேயே திட்டியது, அப்புறம் கட்சி கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றம். வாக்காளர் பக்கம் யூட்டாவைப் பாருங்கள். அமெரிக்காவிலேயே தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பெரும்பான்மையாக உள்ள மாநிலம், குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே டிரம்ப்புக்கு உட்கட்சிச் சுற்றில் கிடைத்தது சுமார் 14 சதவீதம். முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று 2015 டிசம்பரில் அவர் சொன்னபோது, மத சுதந்திரத்தை வலியுறுத்தி மார்மன் திருச்சபை உடனே அறிக்கை விட்டது. 1838-ல் மிசூரி ஆளுநரின் உத்தரவால் துரத்தப்பட்ட கூட்டத்தின் வாரிசுகள் அவர்கள், அந்தப் பேச்சு அவர்கள் காதில் வேறு மாதிரிதான் விழும். டிரம்ப்பின் தனிவாழ்க்கையும் வாய்த்துடுக்கும் அதோடு சேர்ந்துகொண்டன. நேட்டோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நவம்பர் பொதுத் தேர்தலில் அங்கே டிரம்ப் ஜெயித்தார், ஆனால் 45 சதவீதத்தோடு. சுயேச்சையாக நின்ற இவான் மெக்மல்லின் 21 சதவீதம் வாங்கினார். 2012-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னி அங்கே 72 சதவீதத்துக்கு மேல் எடுத்திருந்தார், அவரே மார்மன் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மேலிடம் எதிர்த்ததெல்லாம் பதவிப் பயம் என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனம். முந்தைய குடியரசுக் கட்சி ஆட்சிகளில் தேசப் பாதுகாப்புப் பொறுப்புகளில் இருந்த 50 பேர் ஆகஸ்டில் டிரம்ப்புக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். அவர் ஜெயித்தால் தங்களுக்கு வேலை கிடைக்காது என்று தெரியாதவர்களா? அதே சமயம் எல்லாரையும் கொள்கைக் குன்றாக்கவும் வேண்டாம். ஒரு நீதிபதியைப் பற்றி டிரம்ப் சொன்னது அப்பட்டமான இனவாதப் பேச்சு என்று சபாநாயகர் பால் ரயன் கண்டித்தார், ஆதரவை மட்டும் திரும்பப் பெறவில்லை.

பெருந்தலைகள் எதிர்த்தால் ஆள் காலி என்ற கணக்கும் தப்பு. மார்ச் 3 அன்று சால்ட் லேக் சிட்டியில் ராம்னி டிரம்ப்பை மோசடிக்காரர் என்றே சொல்லி, ஃப்ளோரிடாவில் ரூபியோவுக்கும் ஓஹாயோவில் கேசிக்குக்கும் போடுங்கள் என்றார். ஆளுநராக இருந்த கேசிக் தன் ஓஹாயோவைத் தக்கவைத்தார். ரூபியோ சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவிலேயே தோற்று, முடிவு வந்த அன்றே விலகினார். கட்சி மேலிடத்தின் மேல் கோபமாக இருப்பவரிடம் மேலிடமே போய் இவருக்குப் போடாதே என்றால், அவர் வேறென்ன செய்வார்?

கடைசியாக, எதிர்ப்பைக் கல்லில் செதுக்கியது போல நினைத்துக்கொள்வது. பிரைமரியில் முகம் சுளித்தவர்களில் பெரும்பாலோர் நவம்பரில் ஹிலரி கிளின்டனுக்குப் போடவில்லை, கட்சியோடு நின்றுவிட்டார்கள். தலைவர்கள் இன்னும் வேகம். பிரைமரியில் போட்டியாளராக நின்று டிரம்ப்பைக் கடுமையாகத் தாக்கிய லிண்ட்சி கிரகாம் பிறகு அவருக்கு நெருக்கமான செனட்டர்களில் ஒருவரானார். 2016-ல் நான் ஒருபோதும் டிரம்ப் பக்கம் இல்லை என்று சொன்ன ஜே.டி. வான்ஸ், 2025 ஜனவரியில் அவருடைய துணை அதிபராகப் பதவியேற்றார்.