அருகிலிருக்கும் பழுப்புக் குறுமீன்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனுக்குப் பக்கத்தில் இன்னும் அடையாளம் காணப்படாத பழுப்புக் குறுமீன்களை, அதாவது விண்மீன்போல் எரியப் போதிய நிறையில்லாத மங்கிய பொருள்களை, தேட இப்போது சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. முழு வானத்தையும் படமெடுத்த வைஸ் (WISE, அகச்சிவப்பு விண்கலம்), டூமாஸ் (2MASS, தரையிலிருந்து செய்த அகச்சிவப்புக் கணக்கெடுப்பு), கையா (Gaia, விண்மீன்களின் இடத்தை அளக்கும் விண்கலம்) தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இதில் இறங்கும் மாணவர்களின் பட்டியல்களைப் பார்த்தால், இந்த வேலையைத் தொடங்கிய எல்லோரும் ஒருமுறை சூடுபட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். தசமப்புள்ளி இடம் மாறுவது போன்றவை தானே கண்ணில் பட்டுவிடும். கீழே உள்ளவை படாது.

பழைய படத்திலும் அதே இடத்தில் தேடுவது

வைஸ் பட்டியலிலிருந்து ஒரு புள்ளியை எடுத்து, அதே ஆயத்தொலைவில் 2 விகலை ஆரம் வைத்து டூமாஸில் தேடுகிறார்கள். (ஒரு பாகைக்கு 3,600 விகலை.) இரண்டிலும் ‘ஜே2000’ என்று போட்டிருக்கிறதே என்ற நம்பிக்கை. ஜே2000 என்பது வானத்தின் மேல் வரைந்த கட்டத்தின் பெயர். விண்மீன் எந்தத் தேதியில் அந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அது சொல்லாது. டூமாஸ் படமெடுத்தது 1997 முதல் 2001 வரை. வைஸ் வானத்தை அளந்தது 2010இல். கையாவின் மூன்றாம் வெளியீடு தரும் இடம் 2016.0க்கு உரியது. ஆண்டுக்கு 1 விகலை நகரும் விண்மீன் 1999இலிருந்து 2016க்குள் 17 விகலை போய்விடும். 2 விகலை வலையில் அது எப்படிச் சிக்கும்?

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான்: வேகமாக நகர்பவைதான் பெரும்பாலும் நமக்கு மிக அருகில் இருப்பவை. எதைத் தேடி வந்தோமோ அதையே முதல் சல்லடையில் கொட்டிவிடுகிறோம்.

பால்வழிப் பட்டையில் இது இன்னும் மோசம். அங்கே 2 விகலைக்குள் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு விண்மீன் இருக்கும். அதன் ஒளியளவு (பிரகாசத்தைக் குறிக்கும் எண், பெரிதாக ஆக மங்கல்) நம் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். நிறம் என்பது இரு அலைநீளங்களின் ஒளியளவுகளைக் கழித்து வருவது. இரு வேறு பொருள்களைக் கழித்து வரும் நிறம் சாதாரணமாகத் தெரியும், புள்ளியும் தள்ளுபடியாகும். 6.5 ஒளியாண்டில் உள்ள லூமன் 16 என்ற பழுப்புக் குறுமீன் இணையை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு சுமார் 2.8 விகலை நகர்கிறது, 1978இல் எடுத்த படத்திலேயே பதிவாகியிருக்கிறது. பால்வழிக் கூட்டத்துக்குள் நின்றதால் 2013 வரை அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

சரியான வழி: வைஸ் படங்களிலிருந்து நகர்வையும் அளந்த கேட்வைஸ் பட்டியலில் புள்ளியின் இடம், அதற்குரிய ஆண்டு, சுய இயக்கம் (வானத்தில் ஆண்டுக்கு எவ்வளவு, எந்தத் திசையில் நகர்கிறது என்பது) மூன்றையும் எடுங்கள். டூமாஸ் ஒவ்வொரு புள்ளிக்கும் படமெடுத்த நாளைத் தருகிறது, அந்த நாளுக்குப் புள்ளியைப் பின்னோக்கி நகர்த்துங்கள். அங்கே 3 விகலைக்குள் தேடுங்கள். சுய இயக்கத்தின் பிழை ஆண்டுக்கு 0.1 விகலை என்றால் 15 ஆண்டில் அது 1.5 விகலையாகும், அதையும் ஆரத்தில் சேருங்கள். சுய இயக்கமே தெரியாவிட்டால் 60 விகலைக்குள் உள்ள எல்லாவற்றையும் இறக்கி, பழைய பட்டியலில் மட்டும் இருப்பது, புதியதில் மட்டும் இருப்பது என்று ஜோடியில்லாத புள்ளிகளைப் பிரித்தெடுங்கள். பிறகு படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கண்ணால் பாருங்கள். சுற்றியுள்ள புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் ஒரே திசையில் நகர வேண்டும். பிரகாசமான விண்மீனிலிருந்து நீளும் கதிர்க்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளியை நம்ப வேண்டாம்.

நகர்த்தும்போது இன்னொரு பொறி. வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை. வல ஏற்றத்தின் சுய இயக்கத்தைப் பட்டியல்கள் நடுவரை விலக்கத்தின் கொசைனால் ஏற்கெனவே பெருக்கித்தான் தருகின்றன. வல ஏற்றத்தோடு கூட்டும் முன் அந்தக் கொசைனால் வகுக்க வேண்டும். விலக்கம் 60 பாகை என்றால் கொசைன் 0.5. ஆண்டுக்கு 1.5 விகலை, 16.5 ஆண்டு: மொத்தம் 24.75 விகலை. வகுக்க மறந்தால் வானத்தில் அதில் பாதி தூரமே நகர்த்தியிருப்பீர்கள், 12 விகலைக்கு மேல் இடைவெளி விழும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் குறுமீன் என்று எடுத்துக்கொள்வது

டி வகைக் குறுமீன்களில் (குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களில் ஒரு வகை) உள்ள மீத்தேன் 3.4 மைக்ரான் ஒளியை விழுங்குவதால் 4.6 மைக்ரானில் அவை தூக்கலாகத் தெரியும். ஆனால் இரண்டு பட்டைகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.8ஐத் தாண்டும் பொருள்களில் தொலைதூரக் குவேசார்களும் (பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையங்கள்) ஏராளம். குவேசார் நகராது. நிறத்தோடு நகர்வும் சேர்ந்தால்தான் பட்டியலில் ஏற்றுங்கள்.

ஏபி அளவையும் வேகா அளவையும் கலப்பது

இவை ஒளியளவுக்கு வேறு வேறு பூச்சியப் புள்ளி வைக்கும் இரு அளவைகள். வைஸ் நிறத்தில் மட்டும் இது 0.64 வித்தியாசம். வேகா அளவில் 0.8 காட்டும் குறுமீன் ஏபி அளவில் 0.16 காட்டும்.

கையாவில் இல்லையென்று கைவிடுவது

வேண்டாம். குளிர்ந்த குறுமீன்கள் பல கையாவின் 21ஆம் ஒளியளவு எல்லையைவிட மங்கலானவை.

மெதுவாக நகர்ந்தால் தூரம் என்று நினைப்பது

ஷோல்ஸ் விண்மீன் சுமார் 22 ஒளியாண்டில்தான் இருக்கிறது. ஆனால் நகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.12 விகலை மட்டுமே. ஏறக்குறைய நேராக நம்மைவிட்டு விலகிப் போவதால் பக்கவாட்டு அசைவு தெரிவதில்லை. சுமார் 70,000 முதல் 80,000 ஆண்டுகளுக்கு முன் சூரியனிலிருந்து ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு தூரத்தில் அது கடந்து போனது. ஆண்டுக்கு 0.2 விகலை என்று வெட்டுக்கோடு போட்டால் இதை இழந்துவிடுவீர்கள்.

மொட்டைமாடியிலிருந்து பழுப்புக் குறுமீனைப் பிடிக்கப் பார்ப்பது

சென்னையின் ஈரக்காற்றும் தெருவிளக்கும் விடாது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமாவும் இங்கே அதிகபட்சம் 14 பாகை உயரமே ஏறும். நகர்வை நீங்களே பார்க்க பர்னார்டு விண்மீனை எடுங்கள். ஒளியளவு 9.5, உச்சியில் 80 பாகைக்கு மேல் வரும். ஏப்ரலில் விடிவதற்கு முன் நல்ல உயரத்தில் இருக்கும், தென்மேற்குப் பருவ மேகமும் வந்திருக்காது. 400 மி.மீ. குவியத்தூரம், 3.8 மைக்ரான் பிக்செல் என்றால் ஒரு பிக்செலுக்கு சுமார் 2 விகலை. அந்த விண்மீன் ஆண்டுக்கு சுமார் 10.4 விகலை ஓடுகிறது. அடுத்த ஏப்ரலில் எடுக்கும் படத்தில் 5 பிக்செல் வடக்கே தள்ளி நிற்கும்.