ஒரே கார்டில் இரண்டு மா. லட்சுமி

எங்கள் பாலக்கோடு பக்கம் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். பேத்தி என்பதே பெயர்த்திதானே. என் அம்மா லட்சுமி, மனைவியும் லட்சுமி. மகளுக்கும் அதையே வைத்தோம். மாமியார் பெயரைச் சொல்லி அதட்டக் கூடாதென்று மனைவி 'பாப்பா' என்றே கூப்பிடுவாள், அதனால் வீட்டில் குழப்பமில்லை.

ரேஷன் கார்டில் மகளைச் சேர்க்கப் போனால், 'பெயர் ஏற்கெனவே உள்ளது' என்று இரண்டு முறை நிராகரிப்பு. பிறப்புச் சான்றிதழைத் தெளிவாக ஸ்கேன் செய்து போட்டேன், பலனில்லை. 11 நாள் வீண்.

அப்புறம்தான் இனிஷியலைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பின் மனைவிக்கும் என் பெயரின் 'மா', மகளுக்கும் அதே 'மா'. மனைவியின் பான் கார்டில் மட்டும் அவள் அப்பா பெயர் அப்படியே ஒட்டியிருந்தது. அதைக் காட்டி ஆதாரைத் திருத்தி (பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பார்த்துச் செய்யுங்கள்), கார்டிலும் 'கோ. லட்சுமி' ஆக்கி, மறுபடி விண்ணப்பித்தேன். நாலாம் நாள் பாப்பா பெயர் ஏறிவிட்டது. அப்பாடா!