பித்தப்பைல கல்லு இருக்கு, இப்போதைக்கு ஆபரேஷன் இல்ல: வலியையும் வயித்துத் தொந்தரவையும் எப்படி சமாளிக்கிறது

வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய் ரிப்போர்ட்ல பித்தப்பைல கல்லுன்னு ஒரு வரி வந்திருச்சா, முதல்ல நீங்க உங்களையே கேக்க வேண்டியது இந்தக் கல்லு இதுவரைக்கும் எனக்கு வலி குடுத்திருக்கா இல்லையாங்கிறதுதான். மத்த எல்லா முடிவும் அதுலேர்ந்துதான் வரும். கல்லு இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய 100க்கு 80 பேருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, வருஷத்துக்கு 100ல 1லேர்ந்து 4 பேருக்குதான் புதுசா வலி ஆரம்பிக்கும், அதனால வலியே வராத கல்லை டாக்டர்களும் பெரும்பாலும் அப்படியே விட்டுடலாம்னுதான் சொல்லுவாங்க. கல்லு 3 செ.மீ.க்கு மேல பெருசா இருந்தா, பித்தப்பை சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா, இல்ல கூடவே 1 செ.மீ. அளவுக்கு பாலிப், அதாவது உள்சுவத்துல வளர்ற சின்னச் சதை, இருந்தா மட்டும் வலி இல்லாட்டியும் எடுத்துடச் சொல்ல வாய்ப்பு இருக்கு. ஒருதடவை நல்லா வலி வந்துட்டவங்க கதை வேற, அவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், பித்தப்பையை எடுக்கிறதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனா எல்லாராலயும் உடனே பண்ணிக்க முடியாதே, இதயப் பிரச்சனை இருக்கலாம், கர்ப்பமா இருக்கலாம், தேதி தள்ளிப் போயிருக்கலாம், மனசு ஒத்துக்காம இருக்கலாம். உங்க டாக்டர் காத்திருக்கலாம்னு சொல்லியிருந்தா, அந்தக் காலத்தை எப்படி ஓட்டுறதுன்னுதான் இங்க எழுதுறேன்.

பித்தப்பை கல்லீரலுக்குக் கீழ ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்னப் பை, 30லேர்ந்து 50 மில்லி வரைக்கும் பித்தநீரைத் தேக்கி வச்சிருக்கும். நாம கொழுப்பு சாப்பிட்டதும் அது முன்சிறுகுடலுக்குப் போகும், அங்கேர்ந்து சிசிகேன்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது பித்தப்பையை சுருங்க வைக்கும். சுருங்குறப்போ உள்ள இருக்கிற கல்லு நகர்ந்து போய் பித்தப்பையோட வாய்ல அடைச்சிக்கிச்சுன்னா வலி. கொழுப்பு எவ்ளோ அதிகமா ஒரே நேரத்துல உள்ள போகுதோ அவ்ளோ பலமா சுருங்கும். இதைப் புரிஞ்சிக்கிட்டா சாப்பாட்டுல எதைக் குறைக்கணும், எதைத் தேவையில்லாம பயந்து விடக்கூடாதுன்னு உங்களுக்கே விளங்கிடும்.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கல்லு இருக்குன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து ஏப்பம், வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல், கேஸ், மலச்சிக்கல்னு எல்லாத்தையும் அந்தக் கல்லு தலையிலேயே போடுறோம். உண்மையில கல்லு வலிக்குன்னு ஒரு தனி அடையாளம் இருக்கு. நெஞ்சுக்குழியிலயோ வலது விலா எலும்புக்குக் கீழயோ ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துலயே ஏறி உச்சத்துக்குப் போய் அங்கயே நிக்கும், வலது தோள்பட்டை எலும்புக்கோ முதுகுக்கோ பரவும், குமட்டும், வாந்தியும் வரலாம், எப்படிப் புரண்டு படுத்தாலும் கேக்காது, ஏப்பம் விட்டாலும் மலம் போனாலும் குறையாது, அசிடிட்டி மருந்துக்கும் அடங்காது. அரை மணி நேரத்துலேர்ந்து சில மணி நேரம் வரைக்கும் இருந்துட்டு அதுவா விட்டுடும். நிறைய பேருக்கு ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடும். இப்படி இல்லாம தினமும் லேசா மந்தமா இருக்கு, சாப்பிட்டதும் வயிறு கும்முனு இருக்கு, புளிச்ச ஏப்பம் வருதுன்னா அது பெரும்பாலும் கல்லோட வேலை கிடையாது. பித்தப்பையை எடுத்த பிறகும் நிறைய பேருக்கு அதே உப்புசமும் ஏப்பமும் தொடர்றதுக்குக் காரணம் இதுதான். அதனால ரெண்டையும் பிரிச்சு வச்சுப் பாக்கப் பழகுங்க, வைத்தியமும் தனித்தனி.

பிரிச்சுப் பாக்க ஒரு நோட்டு போதும், போன்ல எழுதினாலும் சரி. "செவ்வாய், ராத்திரி 9 மணிக்கு பொரிச்ச கறி, ஐஸ்கிரீம். 12.30க்கு நெஞ்சுக்குழி வலி, முதுகுக்குப் போச்சு, ஒருதடவை வாந்தி, 3 மணிக்கு விட்டுச்சு, காய்ச்சல் இல்ல." இவ்ளோ போதும். மணியை மட்டும் விடாம எழுதுங்க, எப்போ ஆரம்பிச்சுது எப்போ முடிஞ்சுதுன்னு. டாக்டர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான், வலி வந்த ராத்திரியோட நேரக்கணக்கு ரெண்டு வாரம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. சில வாரம் எழுதினாலே உங்க உடம்புக்கு எது ஆகல, எது ஆகுதுன்னு ஒரு பிடி கிடைச்சிடும், ஒருத்தருக்கு முட்டை ஒத்துக்காது இன்னொருத்தருக்கு ஒண்ணுமே பண்ணாது, பொதுவான பட்டியலை விட உங்க நோட்டு நம்பகமானது.

சாப்பாட்டுக்கு வருவோம். சாப்பாடு இருக்கிற கல்லைக் கரைக்காது, இதைத் தெளிவா மனசுல வச்சிக்கோங்க, வலி வர்ற தடவையை வேணா குறைக்கலாம். கொழுப்பை ஒரே வேளையில கொட்டாம நாள் முழுக்கப் பிரிச்சு சாப்பிடுறதுதான் அடிப்படை. ஒரு டீஸ்பூன் எண்ணெய்ல 4லேர்ந்து 5 கிராம் கொழுப்பு இருக்கு, ஒரு முட்டைல 5 கிராம், ஒரு டம்ளர் கொழுப்பு எடுக்காத பால்ல 7 கிராம் பக்கம் வரும். தட்டுல இருக்கிறதை இப்படி ஒருதடவை கூட்டிப் பாருங்க. முட்டை ஒண்ணு, அதை வதக்க எண்ணெய் ஒரு டீஸ்பூன், ஒரு டம்ளர் பால்னு எடுத்தாலே 17 கிராம் ஆச்சு, பாக்கறதுக்கு லேசான சாப்பாடு மாதிரி தெரிஞ்சாலும். இதுல எதையும் நிறுத்தணும்னு சொல்லல, பாலை சாயங்காலத்துக்கு மாத்தினாலே அந்த வேளையோட பாரம் குறைஞ்சிடும். எண்ணெயை பாட்டில்லேர்ந்து ஊத்தாம ஸ்பூன்ல அளந்து விடுங்க. பொரிச்சது, தோலோட இருக்கிற இறைச்சி, வெண்ணெய், கிரீம், கேக், பாக்கெட் நொறுக்குத்தீனி இதெல்லாம்தான் ஒரே நேரத்துல அதிகக் கொழுப்பை இறக்குற ஆளுங்க. வேகவச்சது, சுட்டது, கொழுப்பில்லாத இறைச்சி, மீன், பருப்பு, காய், பழம், முழுதானியம் இதெல்லாம் தாராளமா எடுக்கலாம்.

ஆனா பயந்துபோய் கொழுப்பையே சுத்தமா நிறுத்திடாதீங்க. கொழுப்பே வரலன்னா பித்தப்பை சரியா சுருங்காது, பித்தநீர் உள்ளயே தேங்கும், தேங்குற இடத்துலதான் கசடும் கல்லும் சேரும். நீண்ட நேரம் பட்டினி கிடக்கிறதும் இதே வேலையைத்தான் பண்ணும், காலைச் சாப்பாட்டை விட்டுட்டு மத்தியானம் ஒரே பிடியா சாப்பிடுற பழக்கம் கல்லு உள்ளவங்களுக்கு ஆகவே ஆகாது. வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. ராத்திரி வலி வர்றவங்க ராத்திரிச் சாப்பாட்டை சின்னதா, எண்ணெய் கம்மியா, படுக்கிறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க. எடை அதிகமா இருந்தா குறைக்கிறது நல்லதுதான், ஆனா வாரத்துக்கு அரை கிலோலேர்ந்து 1 கிலோங்கிற வேகத்துல போங்க. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல சடார்னு குறைஞ்சா கல்லீரல் பித்தநீர்ல அதிக கொலஸ்ட்ராலைத் தள்ளும், புதுக் கல்லு உருவாக அது நல்ல வழி. கிராஷ் டயட் விளம்பரத்தைப் பாத்து இறங்கிடாதீங்க, ப்ளீஸ். தினமும் நடங்க.

உப்புசம், கேஸ், எரிச்சலுக்குத் தனியா வழி பாக்கலாம். ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க, அப்பதான் எதனால குறைஞ்சுதுன்னு தெரியும். ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாத்து உப்புசம் இறங்குச்சுன்னா பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை ஒத்துக்கலன்னு ஒரு துப்பு கிடைக்குது. நார்ச்சத்தைக் கூட்டுறவங்க மெதுவா கூட்டுங்க, ஒரே நாள்ல தட்டு நிறைய அள்ளிப் போட்டா கேஸ் இன்னும் ஏறும், கூடவே தண்ணியும் குடிங்க. மலச்சிக்கல் சரியானாலே பாதி உப்புசம் அடங்கிடும். எரிச்சலும் புளிச்ச ஏப்பமும் விடாம இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி இரைப்பைல புண்ணு உண்டாக்குற எச். பைலோரி கிருமி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கோங்க, கல்லு மேல பழியைப் போட்டுட்டு புண்ணை விட்டுடக்கூடாது. எடை காரணமில்லாம குறையுது, சாப்பாடு தொண்டைல அடைக்குது, மலம் கறுப்பா போகுதுன்னா கண்டிப்பா உடனே காட்டணும்.

சரி, எல்லாம் பாத்தும் வலி வந்துருச்சு, என்ன பண்றது? சாப்பிடுறதை நிறுத்துங்க, தாகத்துக்குத் தண்ணி வேணா வாய் வாயா குடிங்க. வெந்நீர் ஒத்தடம் குடுத்தா சில பேருக்கு கொஞ்சம் இதமா இருக்கும். இந்த வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை நல்லா கேக்கும், ஆனா கிட்னி பிரச்சனை, அல்சர், இதய நோய், கர்ப்பம், ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவங்க இவங்களுக்கெல்லாம் அது ஆபத்து. அதனால வலி இல்லாத நாள்லயே டாக்டர்கிட்ட எனக்கு எந்த மாத்திரை, எவ்ளோ, எத்தனை தடவைன்னு எழுதி வாங்கி வச்சிக்கோங்க, நடுராத்திரில வலியோட யோசிக்கிற நிலைமை வேணாம். மணியைப் பாத்துக்கிட்டே இருங்க.

வலி 5, 6 மணி நேரம் தாண்டியும் விடலன்னா, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தா, கண்ணு மஞ்சளாச்சுன்னா, சிறுநீர் டீ டிகாஷன் கலர்ல போய் மலம் வெளுத்துப் போச்சுன்னா, மேல்வயித்து வலி நேரா முதுகைத் துளைக்கிற மாதிரி போய் வாந்தி நிக்கலன்னா, வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. பித்தப்பை வீங்கி சீழ் பிடிக்கிறது, கல்லு நழுவி பொதுக்குழாய்ல, அதாவது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு போற பெரிய குழாய்ல, அடைக்கிறது, அங்க தொத்து ஏற்படுறது, கணையம் வீங்குறது எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும், இதுல சிலது சில மணி நேரத்துலயே உயிருக்கு வந்துடும். வயசானவங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் வலியும் காய்ச்சலும் கம்மியா தெரியும், சும்மா சோர்வா குழப்பமா இருக்காங்கன்னு நினைச்சு விட்டுடுவோம், அவங்க விஷயத்துல சீக்கிரமே கிளம்பிடுங்க. நெஞ்சுக்குழி வலியோட வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, தாடைக்கோ இடது கைக்கோ இழுக்குதுன்னா முதல்ல ஈசிஜி, கல்லு அப்புறம்.

கரைக்கிற மருந்தைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. அர்சோடிஆக்சிகோலிக் ஆசிட்னு மாத்திரை இருக்கு, நிஜமாவே வேலை செய்யும், ஆனா எல்லாருக்கும் கிடையாது. கல்லு கொலஸ்ட்ரால் வகையா இருக்கணும், சின்னதா, 1 செ.மீ.க்குள்ள இருக்கணும், சுண்ணாம்பு படிஞ்சிருக்கக் கூடாது, பித்தப்பை நல்லா சுருங்கி விரியணும், அதோட குழாய் திறந்திருக்கணும். உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 8லேர்ந்து 10 மில்லிகிராம்னு கணக்கு பண்ணிக் குடுப்பாங்க, 6 மாசத்துலேர்ந்து 2 வருஷம் வரைக்கும் ஆகும், கரைஞ்சாலும் 5 வருஷத்துக்குள்ள பாதிப்பேருக்குத் திரும்ப வந்துடும். ஆபரேஷன் பண்ணவே முடியாதவங்களுக்கு இது நல்ல வழி, மத்தவங்க பொறுமையா டாக்டர்கிட்ட பேசி முடிவெடுக்கணும். கொலஸ்ட்ரால் இல்லாம பித்தநீரோட நிறமி சேர்ந்து உருவாகுற கறுப்பு நிறமிக் கல்லுக்கு இது சுத்தமா வேலை செய்யாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிச்சா மறுநாள் கல்லு மலத்துல வந்து விழும்னு ஒரு முறை சுத்திக்கிட்டு இருக்கு. பச்சையா உருண்டை உருண்டையா வர்றது நிஜம், ஆனா அது கல்லு கிடையாது. அப்படி வந்ததை லேப்ல பரிசோதிச்சதை 2005ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதியிருந்தாங்க, அதுல கொலஸ்ட்ராலும் இல்ல, கால்சியமும் இல்ல, 40 டிகிரி சூட்டுல 10 நிமிஷத்துல உருகிடுச்சு. குடிச்ச எண்ணெயே குடல்ல சோப்பு மாதிரி மாறி வெளிய வருது. கல்லு உள்ளவங்க அவ்ளோ எண்ணெயை ஒரே மூச்சுல குடிச்சா பித்தப்பை எப்படி சுருங்கும்னு யோசிச்சுப் பாருங்க, வலியை நாமளே வரவழைக்கிற வேலை. அதே மாதிரி கிட்னி கல்லுக்கு நிறைய தண்ணி குடிச்சா வெளிய வந்துடுதே, இதுக்கும் அப்படித்தானேன்னு கேக்குறாங்க. சிறுநீர் ஓடுற பாதை வேற, பித்தநீர் ஓடுற பாதை வேற, தண்ணி குடிக்கிறது உடம்புக்கு நல்லது, இந்தக் கல்லை அது தள்ளாது. தள்ளுற மாதிரி எதுவும் நடக்காம இருக்கிறதே நல்லது, ஏன்னா சின்னக் கல்லு நழுவி பொதுக்குழாய்ல மாட்டினாதான் மஞ்சள் காமாலையும் கணைய வீக்கமும்.

வேற மருந்து எடுக்கிறவங்க ஒருதடவை டாக்டர்கிட்ட பட்டியலைக் காட்டிடுங்க. கருத்தடை மாத்திரை உட்பட ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள், ட்ரைகிளிசரைடு குறைக்கிற ஃபைப்ரேட் மாத்திரைகள் கல்லு உருவாக வழி பண்ணலாம். நீங்களா நிறுத்தாதீங்க, மாத்த முடியுமான்னு கேளுங்க.

அடுத்து டாக்டரைப் பாக்கப் போறப்போ நோட்டையும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கல்லோட அளவு, எண்ணிக்கை, பித்தப்பை சுவர் தடிச்சிருக்கா, பொதுக்குழாய் விரிஞ்சிருக்கா இந்த நாலையும் கேட்டுத் தெரிஞ்சிக்கோங்க, சுவர் பொதுவா 3 மி.மீ.க்குள்ள இருக்கணும், கல்லீரல் டெஸ்ட் நார்மலான்னும் கேளுங்க. நோட்டுல வலி வர்ற இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது, முன்னாடி ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு இருந்தது இப்ப வாரம் ஒண்ணுன்னு ஆயிடுச்சுன்னா இனியும் தள்ளிப் போடாதீங்க. வலி இல்லாத ஒரு நாள்ல போய் சர்ஜன்கிட்ட பேசுங்க, வீக்கம் வந்த பிறகு அவசரமா பண்றதை விட அமைதியா இருக்கிறப்போ தேதி குறிச்சு லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை வழியா, பண்றது சுலபம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்.