ஜிபிஎஸ் ஆன்டெனா சோதனை: அளப்பது ஆன்டெனாவையா, வானத்தையா?

காலை 10 மணிக்கு ஒரு ஆன்டெனா, 11 மணிக்கு இன்னொன்று; எதில் அதிக சாட்டிலைட் தெரிந்ததோ அதுவே உசத்தி. வீட்டு மாடியில் நடக்கும் பெரும்பாலான சோதனைகள் இப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தில் வானமே மாறியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஒரே ஒரு மாட்யூல்தான் (சிக்னலை வாங்கும் ஜிபிஎஸ் ரிசீவர் பலகை) கையில் என்றால், மறுநாள் 4 நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் தெரியும். ரஷ்யாவின் குளோனாஸும் ஐரோப்பாவின் கலிலியோவும் இந்தக் கணக்குக்கு வராது, அவற்றைச் சேர்க்காதீர்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, மாட்யூல் அனுப்பும் தரவில் சாட்டிலைட் விவரம் தரும் ஜிஎஸ்வி வரியைப் பாருங்கள். 05, 62, 041, 44 என்று வந்தால் 5ஆம் எண் சாட்டிலைட், உயரக்கோணம் 62 டிகிரி, திசை 41 டிகிரி, சிக்னல் தரம் 44 டிபி-ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் இந்தக் கடைசி எண்ணை இரண்டு ஆன்டெனாவிலும் கழித்து, அரை மணி நேரச் சராசரி எடுங்கள். பிறகு ஆன்டெனாக்களை மாட்யூல் மாற்றிப் போட்டு இன்னொரு அரை மணி நேரம். இதைச் செய்யாவிட்டால், மாட்யூலின் ஏற்றத்தாழ்வை ஆன்டெனாவின் தலையில் கட்டிவிடுவோம். இந்தியாவில் ஒரு வசதி உண்டு: ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் நம் நாட்டு ககன் சிக்னல் புவிநிலை சாட்டிலைட்டிலிருந்து வருவதால் ஆள் நகராது. மாட்யூலில் எஸ்பிஏஎஸ் (ககன் போன்ற திருத்தச் சேவைகளை வாங்கும் வசதி) இயங்கினால் ஜிஎஸ்வியில் 40, 41 போன்ற எண்களில் தேடலாம்.

25 மில்லிமீட்டர் பீங்கான் பேட்சை (சதுரத் தட்டை ஆன்டெனா) மேசையில் வெறுமனே வைத்து அளந்துவிட்டு மட்டம் என்று ஒதுக்குவது அடுத்த தப்பு. பல பேட்சுகளின் டேட்டாஷீட் அளவுகள் 70×70 மில்லிமீட்டர் உலோகத் தகட்டின் மேல் எடுத்தவை. தகடு இல்லாவிட்டால் ஒத்ததிர்வு ஜிபிஎஸ் சிக்னலின் 1575.42 மெகாஹெர்ட்ஸை விட்டு நகரும். பேட்சின் அலைவரிசை குறுகலானது, சில மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலே அடி விழும். தகடாக உலோக பிஸ்கட் டப்பா மூடி போதும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு மூடி, நடுவே அரை மீட்டராவது இடைவெளி.

‘28 டிபி கெயின்’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அது உள்ளிருக்கும் எல்என்ஏ என்ற குறை இரைச்சல் பெருக்கியின் பெருக்கம்; சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கேபிள் இழப்பை ஈடுகட்ட அது வேண்டும், அவ்வளவே.

நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவி வைத்திருப்பவர்கள், எல்என்ஏ உள்ள ஆக்டிவ் ஆன்டெனாவின் எஸ்11 (அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு) எடுத்துப் பெருமைப்படுவதும் உண்டு. அங்கே தெரிவது எல்என்ஏவின் வெளிவாய், பேட்சே அல்ல. எல்என்ஏ இல்லாத பாசிவ் ஆன்டெனாவிலும் எஸ்11 மட்டும் பார்த்துப் பயனில்லை: சிக்னலை வெறுமனே விழுங்கும் 50 ஓம் டம்மி லோடுக்கு அது அற்புதமாக வரும், சாட்டிலைட் ஒன்றும் வராது. தொடக்ககால நானோவிஎன்ஏக்களுக்கு 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எட்டவே எட்டாது.

எல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் சுத்தமாக இல்லையா? கனெக்டரின் நடுவைப் பாருங்கள். வைஃபை கேபிளின் ஆர்பி-எஸ்எம்ஏ (ஊசியும் துளையும் இடம் மாறிய திருகு கனெக்டர்), சாதா எஸ்எம்ஏவில் அழகாகத் திருகிக்கொள்ளும். இரண்டு பக்கமும் துளை, நடுவில் ஊசியே இருக்காது.